அப்பாவை வகுப்புக்கு அழைத்தால் பிள்ளைக்கு என்ன கிடைக்கும்?

கேள்வி, 5 ஜூலை 2025

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வர்த்தில் எங்கள் கோயில் கமிட்டியில் நான்தான் வயதில் சின்னவள். கோயில் ஹாலில் இளம் தம்பதிகளுக்கு எட்டு வார வகுப்பு நடத்தலாம் என்று பேச்சு ஓடுகிறது. "அப்பாக்களுக்கு மட்டும் நடத்தினால் போதும், அம்மாக்கள் தங்கள் வேலையைச் சரியாகத்தான் செய்கிறார்கள்" என்கிறார் ஒரு பெரியவர். "கல்யாணம் நிலைத்தால் பிள்ளை தானாகத் தேறும்" என்கிறார் இன்னொருவர். உண்மையில் பிள்ளைகளுக்கு இதனால் பலன் உண்டா?

6 ஜூலை 2025, காலை

கல்யாணத்தைக் காப்பாற்றுகிறோம் என்று பெயர் போட்டு அந்த வகுப்பை நடத்தாதீர்கள், தங்கச்சி. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

அமெரிக்காவில் அரசாங்கமே இதைப் பெரிய அளவில் செய்து பார்த்துவிட்டது. அங்கே 2005ஆம் ஆண்டின் பற்றாக்குறைக் குறைப்புச் சட்டம் இதற்கென்று ஆண்டுக்கு 150 மில்லியன் டாலர் ஒதுக்கியது. அதில் 50 மில்லியன் வரை அப்பாக்களுக்கான திட்டங்களுக்குப் போகலாம். அந்தக் காலத்தில் 'பில்டிங் ஸ்ட்ராங் ஃபேமிலீஸ்' என்ற திட்டத்தை எட்டு இடங்களில் நடத்திச் சோதித்தார்கள். கல்யாணம் ஆகாமல் குழந்தை பெற்ற, அல்லது பெறப்போகிற 6,000க்கும் மேற்பட்ட ஜோடிகள். குலுக்கல் முறையில் ஒரு பாதியை வகுப்புக்கு அனுப்பி, மறுபாதியை அப்படியே விட்டார்கள். மூன்று வருடம் கழித்துப் பார்த்தால், சேர்ந்திருப்பதிலும் கல்யாணம் செய்துகொள்வதிலும் இரண்டு பாதிக்கும் வித்தியாசமே இல்லை.

கல்யாணமான ஏழைக் குடும்பங்களுக்கு 'சப்போர்ட்டிங் ஹெல்தி மேரேஜ்' என்று இன்னொரு திட்டம். அதில் இரண்டரை வருடம் கழித்தும் கணவன் மனைவி பேச்சில், அன்பில் சின்னச் சின்ன முன்னேற்றம் தெரிந்தது. பிரிந்தவர்கள் எண்ணிக்கை குறையவில்லை. பிள்ளைகளிடம் சொல்லிக்கொள்ளும்படி மாற்றம் இல்லை.

ஆக, பிள்ளைகளுக்குப் பலன் இல்லை.

6 ஜூலை, இரவு

காலையில் எழுதியதில் ஒரு தவறு. இரண்டு ஆய்வின் கணக்கையும் குழப்பிவிட்டேன். 6,298 ஜோடிகள் கல்யாணமானவர்களின் ஆய்வில். கல்யாணமாகாதவர்களின் ஆய்வில் 5,000க்குச் சற்று மேல்.

9 ஜூலை

"அப்படியானால் வகுப்பே வேண்டாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டும் என்றுதான் சொல்வேன். ஏன் என்று சொல்ல என் வீட்டுக் கதைக்குள் போக வேண்டும்.

1999இல் நானும் என் மனைவியும் பிரிந்தோம். மகனுக்கு ஒன்பது வயது, மகளுக்கு ஐந்து. அதற்கு முந்தைய இரண்டு வருடம் ஆலையில் எனக்கு இரவு ஷிஃப்ட். நான் தூங்கும் நேரத்தில் பிள்ளைகள் பள்ளியில், அவர்கள் தூங்கும் நேரத்தில் நான் தையல் மெஷின்களுக்கு நடுவில். ஒரே வீட்டில் இருந்தும் என் பையனுக்கு எந்தப் பாடம் வராது என்று எனக்குத் தெரியாது. ஆலையில் ஆட்களைக் குறைத்தார்கள், வீட்டில் சண்டை கூடியது, கடைசியில் அவள் பிள்ளைகளோடு சாட்ஸ்வர்த்திலேயே இருக்க, நான் டர்பனின் இன்னொரு பக்கமான ஃபீனிக்ஸில் அண்ணன் வீட்டு அவுட்பில்டிங்குக்கு, அதாவது வீட்டை ஒட்டிய தனி அறைக்கு, வந்து சேர்ந்தேன்.

இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை, டவுனில் டாக்சி மாறி அங்கே போவேன். ஒரு சனிக்கிழமைகூடத் தவறவிட்டதில்லை. பிள்ளைகளைக் கடற்கரைக்குக் கூட்டிப்போவேன். பீன்ஸ் பன்னி (குடைந்த ரொட்டிக்குள் பீன்ஸ் கறி) வாங்கி மூவரும் சுவர்மேல் உட்கார்ந்து சாப்பிடுவோம். நல்ல அப்பா என்றால் இதுதான் என்று மனசார நம்பினேன்.

வாசல் கேட்டில் நடந்ததை அப்போது நான் கணக்கில் எடுக்கவில்லை. நான் வெளியே நின்று மகனைக் கூப்பிடுவேன். அவள் கதவுக்குப் பின்னால் நிற்பாள், வெளியே வரமாட்டாள். "ஸ்கூல் ஃபீஸ் இன்னும் வரலைன்னு அம்மா சொல்லச் சொன்னாங்க" என்பான் பையன். "அடுத்த வெள்ளிக்கிழமை தரேன்னு சொல்லு" என்பேன். அவன் உள்ளே ஓடுவான், வேறொரு வார்த்தையோடு திரும்பி வருவான். இரண்டு பெரியவர்களுக்கு நடுவில் ஒன்பது வயதுப் பிள்ளை கணக்குப்பிள்ளை உத்தியோகம் பார்த்தது. ஆறு மாதத்தில் அவன் படுக்கையை நனைக்க ஆரம்பித்தான். வகுப்பில் வாயே திறப்பதில்லை என்று ஆசிரியை சொல்லி அனுப்பினார்.

என் பெரியம்மாதான் எங்கள் இருவரையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வரவழைத்து முன்னறையில் உட்கார வைத்து, "நீங்க சேருங்க, சேராம போங்க. அந்தப் பையனை விட்டுடுங்க" என்றார். அப்புறம் குடும்ப ஆலோசகர் ஒருவரிடம் ஆறு வாரம் போனோம். அந்த ஆலோசகர் சேர்ந்து வாழும்படி ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கச் சொன்னார். பழுப்புத் தாள் அட்டை போட்ட 96 பக்க நோட்டு. பிள்ளைகளைப் பற்றிச் சொல்ல வேண்டிய எதையும் அதில்தான் எழுத வேண்டும், பையன் வாய்வழியாக எதுவும் போகக் கூடாது. "புதன் இரவு காய்ச்சல், பனடோ கொடுத்தேன்." "கணக்குப் பரீட்சை 14ஆம் தேதி." "ஃபீஸ் பாதி கட்டிவிட்டேன், ரசீது உள்ளே." இப்படித்தான் அதில் இருக்கும்.

வருடக் கடைசியில் படுக்கை நனைவது நின்றது. நோட்டினால் நின்றதா, வயதினால் நின்றதா என்று பிரித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஆலோசகரிடம் நாங்கள் இரண்டு பேரும் போனோம். நான் மட்டும் போயிருந்தால் இன்னும் பெரிய பன்னி வாங்கிக் கொடுத்துக்கொண்டுதான் இருந்திருப்பேன்.

13 ஜூலை

அப்பாக்களுக்கு மட்டும் போதும் என்று சொன்ன பெரியவருக்கு இதை வாசித்துக் காட்டுங்கள்.

கலிஃபோர்னியாவில் பிலிப் கவன், கேரலின் கவன் என்ற தம்பதியும், கைல் புருயட், மார்ஷா க்ளைன் புருயட் என்ற இன்னொரு தம்பதியும் சேர்ந்து ஓர் ஆய்வு செய்தார்கள். ஆய்வாளர்களே இரண்டு தம்பதிகள் என்பது எனக்குப் பிடித்திருக்கிறது. முடிவு 2009இல் வெளியானது. 289 குடும்பங்கள், பெரும்பாலும் வருமானம் குறைந்தவர்கள், மூன்றில் இரண்டு பங்கு மெக்சிகோ வம்சாவளி. மூன்று பிரிவாகக் குலுக்கிப் போட்டார்கள். ஒரு பிரிவுக்கு ஒரே ஒரு நாள் கூட்டம். இரண்டாவது பிரிவில் அப்பாக்கள் மட்டும் 16 வாரம். மூன்றாவதில் அப்பாவும் அம்மாவும் சேர்ந்து அதே 16 வாரம்.

ஒரு நாள் கூட்டத்தோடு விட்ட குடும்பங்களில் எதுவும் நன்றாகவில்லை, பிள்ளைகளின் முரட்டுத்தனமும் கூடிக்கொண்டே போனது. அப்பாக்கள் மட்டும் வந்த பிரிவில் அப்பா பிள்ளையோடு ஈடுபடுவது கூடியது, பிள்ளைகளின் நடத்தை மோசமாகாமல் நின்றது. ஆனால் கணவன் மனைவிக்குள் இருந்த மனநிறைவு தேய்ந்தது. ஜோடியாக வந்த பிரிவில் அப்பாவின் ஈடுபாடும் கூடியது, தம்பதியின் மனநிறைவும் குறையாமல் நின்றது, பிள்ளை வளர்ப்பின் சுமையால் வரும் மன அழுத்தமும் இறங்கியது.

எங்கள் ஊர்ப் பேச்சில் அப்பாவைத் திருத்த வேண்டியவர் என்றே வைத்துப் பேசுகிறோம். திருத்தி வீட்டுக்கு அனுப்பினால், அங்கே அம்மா "உனக்குக் குளிப்பாட்டத் தெரியாது, விடு" என்று குழந்தையை வாங்கிக்கொள்வாள். அவள்மேலும் குற்றமில்லை. இத்தனை நாள் அவள் ஒருத்திதான் செய்தாள்.

20 ஜூலை

இன்று எங்கள் பக்கத்துக் கோயிலில் ஆடிக் கூழ். காலையிலிருந்து ஆண்கள்தான் விறகு உடைத்தார்கள், அண்டா தூக்கினார்கள், வரிசையில் நின்றவர்களுக்கு ஊற்றினார்கள். ஊருக்கே ஊற்றுகிறவன் தன் பிள்ளைக்கு ஊட்டுவதைப் பார்த்து எத்தனை நாளாயிற்று என்று யோசித்தபடி வந்தேன். ஒருவர் மட்டும் மடியில் இரண்டு வயதுப் பிள்ளையை வைத்து, கூழை ஊதி ஊதிக் கொடுத்துக்கொண்டிருந்தார். பேசவேண்டும் என்று தோன்றியது, பேசவில்லை.

ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "இந்த நாட்டில் அப்பா இல்லாத பிள்ளைகள்தானே அதிகம், நமக்கு அந்தப் பிரச்சினை இல்லையே?" பாதி சரி. தென்னாப்பிரிக்காவில் பெற்ற தகப்பனோடு ஒரே வீட்டில் வாழும் பிள்ளைகள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். அதற்கு ஆண்களின் குணத்தை மட்டும் குறை சொன்னால் அநியாயம். சுரங்கத்துக்கு ஆள் வேண்டும், குடும்பம் மட்டும் கிராமத்திலேயே கிடக்க வேண்டும் என்று, கறுப்பின மக்கள் எங்கே இருக்கலாம் என்று கட்டுப்படுத்திய பாஸ் சட்டங்கள் போட்டுத் தலைமுறை தலைமுறையாகப் பிரித்த நாடு இது. நம் இந்திய வம்சாவளிக் குடும்பங்களில் பெரும்பாலான பிள்ளைகள் அப்பா இருக்கும் வீட்டில்தான் வளர்கிறார்கள். ஆனால் 1999க்கு முந்தைய என் வீட்டிலும் அப்பா இருந்தார். வாசலில் செருப்பு கிடந்தது, கட்டிலில் ஆள் தூங்கியது, அவ்வளவுதான்.

பால் அமேட்டோவும் ஜோன் கில்பிரெத்தும் 1999இல், நாங்கள் பிரிந்த அதே வருடம், 63 ஆய்வுகளைச் சேர்த்து ஒரு கணக்குப் போட்டார்கள். பிரிந்து வாழும் அப்பா எத்தனை தடவை வந்து பார்க்கிறார் என்பதற்கும் பிள்ளையின் நலத்துக்கும் தொடர்பு மிகவும் பலவீனம். ஒழுங்காகப் பணம் கட்டுகிறாரா, பாடத்தில் உதவி, கண்டிப்பு, அக்கறை என்று அப்பாவாக நடந்துகொள்கிறாரா என்பதில்தான் தொடர்பு தெரிந்தது. நான் தவறவிடாத சனிக்கிழமைகளை நினைத்துக்கொண்டேன். பணத்தைத் தள்ளிப் போட்ட வெள்ளிக்கிழமைகளையும்.

21 ஜூலை

"அந்தக் காலத்தில் இப்படியெல்லாம் பிரிவு கிடையாது, குடும்பம் என்றால் குடும்பம்" என்று எழுதியவருக்கு. எந்தக் காலத்தில்? 1860இல் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு ட்ரூரோ கப்பல் மதராஸிலிருந்து டர்பனுக்கு வந்தது முதல், கப்பல்களில் ஆண்களே அதிகம், பெண்கள் அவர்களில் பாதிகூட இல்லை. தோட்டங்களில் வரிசையாகக் கட்டிய லயன் வீடுகளில் குடும்பமாக வாழ்வதே பாடு. ஒப்பந்தம் முடிந்தும் இங்கே தங்குபவருக்கு மூன்று பவுண்டு வரி, அது பெண்கள் தலையிலும் வளர்ந்த பிள்ளைகள் தலையிலும் தனித்தனியாக விழுந்தது. 1913இல் நீதிபதி சேர்ல், கிறிஸ்தவ முறைப்படி நடக்காத, பதிவாகாத நம் கல்யாணங்கள் செல்லாது என்று தீர்ப்பு எழுதினார். பெண்கள் போராட்டத்தில் இறங்கிச் சிறைக்குப் போனதற்கு அது பெரிய காரணம். அப்படிப் போனவர்களில் ஒருத்திதான் தில்லையாடி வள்ளியம்மை. சிறையில் பட்ட காய்ச்சலில் 1914 பிப்ரவரியில் பதினாறு வயதில் இறந்தாள். அந்த வருடமே இந்தியர் நிவாரணச் சட்டம் வந்தது, வரி போயிற்று, கல்யாணங்களுக்கு அங்கீகாரம் கிடைத்தது.

நம் குடும்பங்கள் தானாக நிலைத்துவிடவில்லை. வேலையும் கூலியும் வீடும் சட்டமும் கூட வந்தபோது நிலைத்தன. ஆலை மூடிய வருடங்களில் எத்தனை வீடுகள் உடைந்தன என்று சாட்ஸ்வர்த்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

தலைப்பை விட்டு விலகிவிட்டேன். திரும்புகிறேன்.

2 ஆகஸ்ட்

ஒரு பெண் எனக்குத் தனியாக எழுதியிருக்கிறார். விவரம் சொல்ல மாட்டேன். அடி வாங்கிக்கொண்டு இருந்த காலத்தில் எல்லோரும் "பிள்ளைகளுக்காகப் பொறுத்துக்கொள்" என்றார்களாம்.

இதை நான் முதல் நாளே எழுதியிருக்க வேண்டும். கமிட்டியில் இதைப் பேசாமல் வகுப்பைத் தொடங்காதீர்கள். நான் சொன்ன எட்டு இடங்களில் ஒன்று பால்டிமோர். அங்கே 15 மாதம் கழித்துப் பார்த்தபோது நிலைமை தலைகீழாக இருந்தது. வகுப்புக்குப் போன பாதியில் 59 சதவீதம் ஜோடிகள் உறவில் நீடித்தார்கள், போகாத பாதியில் 70 சதவீதம். கடுமையான அடிதடிக்கு ஆளானதாகச் சொன்ன பெண்கள், போனவர்களில் 15 சதவீதம், போகாதவர்களில் 9. மூன்று வருடத்தில் அந்த வித்தியாசம் மறைந்தது என்றாலும், நடுவில் அந்தப் பெண்கள் பட்டது பட்டதுதான். வன்முறை உள்ளவர்களைச் சேர்க்காமல் வடிகட்டியும் இப்படி.

ஆகவே பெயர் கொடுக்க வரும் ஒவ்வொரு பெண்ணோடும் முதலில் தனியாக, ஒரு பெண் பேச வேண்டும். கணவன் பக்கத்தில் இருக்கும்போது கேட்டால் உண்மை வராது. அடி நடக்கும் வீடு என்று தெரிந்தால் அவருக்கு வகுப்பு தேவையில்லை. 1998ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டப்படி மாஜிஸ்திரேட் கோர்ட்டில் பாதுகாப்பு ஆணை வாங்கலாம். கூடப் போய் அந்தப் படிவத்தை நிரப்ப உதவுகிற ஆள் ஒருவர் கோயிலில் இருந்தால் போதும். அப்பா வேண்டும், வேண்டும் என்று நான் மூச்சுக்கு மூச்சு எழுதுகிறேன். பிள்ளை பயப்படுகிற அப்பாவை மனதில் வைத்து அதில் ஒரு வரிகூட எழுதவில்லை.

17 ஆகஸ்ட்

முதல் குறிப்பில் "பிள்ளைகளுக்குப் பலன் இல்லை" என்று ஒரே வரியில் அடித்துவிட்டேன். அறிக்கையைத் திரும்ப வாசித்தேன். அது சரியில்லை.

பெற்றோர் சேர்ந்திருப்பதில் வித்தியாசம் இல்லாமல் போன அதே பில்டிங் ஸ்ட்ராங் ஃபேமிலீஸ் ஆய்வில், வகுப்புக்குப் போனவர்களின் மூன்று வயதுப் பிள்ளைகளிடம் நடத்தைப் பிரச்சினை கொஞ்சம் குறைவாக இருந்தது. சின்ன அளவுதான், ஆனால் இருந்தது. விசித்திரம் என்னவென்றால், அதே மூன்றாவது வருடத்தில் அப்பாக்கள் பிள்ளையோடு நேரம் செலவிடுவது சற்றுக் குறைந்தும் இருந்தது. இதை எப்படி விளங்கிக்கொள்வது என்று ஒரு வாரமாக மண்டையைக் குடைந்துகொண்டிருக்கிறேன்.

அந்த எட்டு இடங்களில் இன்னொன்றான ஓக்லஹோமாவை எடுத்துக்கொள்ளுங்கள். பால்டிமோருக்கு நேர் எதிர். மூன்று வருடம் கழித்து, பிறந்ததிலிருந்து பெற்றோர் இருவரோடும் தொடர்ந்து வாழும் பிள்ளைகள் அங்கே வகுப்புக்குப் போன குடும்பங்களில் 49 சதவீதம், போகாத குடும்பங்களில் 41. அங்கே வகுப்பில் முக்கால்வாசிக்கு மேல், அதாவது 80 சதவீதப் பாடத்தை முடித்தவர்கள் 45 சதவீதம். மற்ற இடங்களில் 9 சதவீதம்! வந்து உட்காராத வகுப்பு யாருக்கு என்ன செய்யும்? ஓக்லஹோமாவில் வருகிறவர்களுக்குச் சின்ன ஊக்கப் பரிசுகள் கொடுத்தார்கள்.

நம் ஹாலுக்கு இது ரொம்பப் பொருந்தும். ஃபீனிக்ஸிலிருந்து, வெருலமிலிருந்து ஒரு ஜோடி பிள்ளையோடு சாட்ஸ்வர்த்துக்கு வர டாக்சிக் காசு என்ன ஆகும் என்று பாருங்கள். மாலை ஷிஃப்ட் இருக்கிறவர் எப்படி வருவார்? சாப்பாடு போடுங்கள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆயாமார் நாலு பேரைப் பக்கத்து அறையில் உட்கார வையுங்கள். பாடத்திட்டம் எது நல்லது என்று மூன்று கூட்டம் போட்டுப் பேசியதைவிட இது முக்கியம்.

அப்பாக்களுக்கு மட்டுமான திட்டங்களைப் பற்றியும் ஒன்று சேர்க்கிறேன். 2019இல் அமெரிக்காவில் நாலு இடங்களில் 5,500 அப்பாக்களை வைத்துச் செய்த சோதனையின் முடிவு வந்தது. அப்பாக்கள் பிள்ளையிடம் காட்டும் கனிவும், வயதுக்கேற்றபடி விளையாடுவது, வாசித்துக் காட்டுவது போன்றவையும் கூடின. நேரில் பார்ப்பது கூடவில்லை, பணம் கொடுப்பது கூடவில்லை. பிள்ளையின் அம்மாவோடு ஒத்துப் போவதும் கூடவில்லை. கமிட்டிப் பெரியவர் சொன்னது முழுத் தவறு என்று ஜூலை 13ஆம் தேதி எழுதிய தோரணையைக் கொஞ்சம் தணித்துக்கொள்கிறேன். அம்மாவை வரவழைக்கவே முடியாத அப்பாவுக்கு அந்த வகுப்பாவது இருக்கட்டும்.

31 ஆகஸ்ட்

பேத்தி பிறந்திருக்கிறாள். மூன்று கிலோ, தலை நிறைய முடி.

மருமகன் பத்து நாள் லீவு எடுத்தான். 2020 ஜனவரியிலிருந்து இந்த நாட்டில் அப்பாவுக்கு உள்ள உரிமை அது. கம்பெனி சம்பளம் தர வேண்டியதில்லை, வேலையின்மை நிதியில் விண்ணப்பித்துத்தான் ஒரு பங்கு வாங்க வேண்டும். பத்தாவது நாளில் அவன் தனியாகக் குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினான். என் மகள் கதவோரம் நின்று பார்த்தாள், உள்ளே போகவில்லை. அப்படி நிற்பது அவளுக்கு எவ்வளவு கஷ்டம் என்று முகத்தில் தெரிந்தது.

இரவு அவளிடம் இந்தக் குறிப்புகளை வாசித்துக் காட்டினேன். நோட்டுப் புத்தகம் வந்ததும் நிறுத்தினாள். "அப்பா, அதுல என்ன எழுதினீங்கன்னு எனக்குத் தெரியவே தெரியாது. எனக்குப் படிக்கத் தெரியாத வயசு. ஆனா அதைக் கொடுக்கிறதுக்கு நீங்க கேட்டுக்கு உள்ளே வருவீங்க, அதை வாங்கிறதுக்கு அம்மா வெளியே வருவாங்க. அதுக்கு முன்னாடி நீங்க வந்தா நான் முதல்ல அம்மா மூஞ்சியைத்தான் பார்ப்பேன்."

இருபத்தாறு வருடமாக நோட்டில் எழுதியதுதான் வேலை செய்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மார்க் கமிங்ஸ், பேட்ரிக் டேவிஸ் என்று இரண்டு உளவியலாளர்கள் 1994 முதல் எழுதிவருவதும் இதைத்தான் தொடுகிறது. பெற்றோர் சண்டையில் பிள்ளை தேடுவது தன் இடம் பத்திரமா என்பதை. சண்டை தீர்ந்ததைக் கண்ணால் பார்த்த பிள்ளையின் கலக்கம் குறைகிறது. 17ஆம் தேதி மண்டையைக் குடைந்த கேள்விக்கும் இதில் ஒரு பதில் இருக்கலாம் என்று எனக்குப் படுகிறது, அப்பாவின் மணிக்கணக்கு குறைந்தும் பிள்ளை ஏன் கொஞ்சம் தேறியது என்பதற்கு. இது என் ஊகம் மட்டுமே.

5 அக்டோபர்

வெள்ளிக்கிழமை தீர்ப்பு பார்த்தீர்களா? அரசியல் சாசன நீதிமன்றம், அம்மாவுக்கு நாலு மாதம், அப்பாவுக்குப் பத்து நாள் என்ற பிரிவினை செல்லாது என்றுவிட்டது. நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தும்வரை, இருவரும் வேலையில் இருந்தால் நாலு மாதமும் பத்து நாளும் தங்களுக்குள் பங்கிட்டுக்கொள்ளலாம். மருமகன் ஐந்து வாரம் முந்திவிட்டான்! புரட்டாசிச் சனிக்கிழமைப் பூஜைக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தபோது இதைச் சொல்லித்தான் புலம்பினான்.

பிரிந்தவர்கள் சிலர் கேட்டதற்கும் பதில். 2005ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டத்தில் 33ஆம் பிரிவு இருக்கிறது. பிள்ளை விஷயத்தில் தகராறு வந்தால் கோர்ட்டுக்கு ஓடுவதற்கு முன் இருவரும் உட்கார்ந்து பெற்றோர் திட்டம் ஒன்றை எழுத முயல வேண்டும். யாரோடு எந்த நாள், செலவு எப்படி, பள்ளி எது, மதம் எது எல்லாம் அதில் வரும். கல்யாணம் ஆகாத அப்பாவுக்கும் 21ஆம் பிரிவின் நிபந்தனைகளைப் பூர்த்தி செய்தால் உரிமையும் பொறுப்பும் உண்டு. எங்கள் காலத்தில் பெரியம்மா செய்த வேலையை இப்போது சட்டம் கேட்கிறது.

12 அக்டோபர்

கமிட்டி முடிவு தெரிந்தது, தங்கச்சி. மகிழ்ச்சி. நவம்பர் 1, சனிக்கிழமை மதியம் மூன்று மணி. சுவரொட்டியில் 'கல்யாணம்' என்ற வார்த்தையை எடுத்துவிட்டு 'அப்பா, அம்மா, பிள்ளை' என்று போட்டதற்கு நன்றி. ஒன்பது ஜோடி பெயர் கொடுத்ததாகச் சொன்னீர்கள், அதில் இரண்டு ஜோடி பிரிந்தவர்கள். அவர்களை ஒரே மேஜையில் முதல் நாளே உட்கார வைக்க வேண்டாம்.

நோட்டுகள் நான் வாங்கித் தருகிறேன். பழுப்புத் தாளும் சேர்த்து.

முதல் வாரம் என்னைப் பேசச் சொன்னீர்கள். பிள்ளைகளின் அம்மாவிடம் ஃபோனில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், "நீங்க சொல்றது பாதிதான் சரியா இருக்கும், மீதியை நான் வந்து சொல்றேன்" என்றாள். இரண்டு நாற்காலி போட்டு வையுங்கள்.